உச்சிக்குப் போகும் வழியில்: வாசகர் கேள்வி பதில்

கொங்கு நாட்டு மலைகளையும் கரடுகளையும் ஏறிப் பார்ப்பது குறித்து வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எத்தனை படி, எவ்வளவு நேரம்" என்ற இரண்டுக்குள் அடங்கிவிட்டன. அவற்றையும் ஒதுக்கிவிடவில்லை. ஆயினும் படிக்கணக்கைத் தாண்டிக் கேட்டவர்களுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் பத்து வயது மகனும் அறுபத்தெட்டு வயதான தந்தையும் இதுவரை எந்த மலையையும் நடந்து ஏறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும்படி எங்கே தொடங்கலாம்? (பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பதினைந்து கிலோமீட்டருக்குள் சென்னிமலையை வைத்துக்கொண்டு நீங்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து 1,320 படிகள் இருக்கின்றன. இடையிடையே மண்டபங்கள் இருப்பதால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். வாகனம் செல்லும் மலைப்பாதை தனியாக இருப்பதால், தந்தைக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் அவரை மேலே அனுப்பிவிட்டு நீங்கள் மூவரும் நடந்து சென்று அவரோடு சேர்ந்துகொள்ளலாம். காலை ஆறு மணிக்குப் படியில் கால் வைத்துவிடுங்கள். எட்டரை மணிக்கு மேல் கருங்கல் படி வெறுங்காலைச் சுடத் தொடங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் முருகனைத் தரிசித்துவிட்டு அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் இன்னும் சற்று மேலேறினால் வள்ளி, தெய்வானை சன்னதியும், அதற்கப்பால் பிண்ணாக்குச் சித்தர் குகையும் உள்ளன. கூட்டம் குறைந்து, காற்று மட்டும் பேசுகிற இடம் அதுதான். மகனுக்குக் கதை சொல்ல வேண்டுமென்றால், 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இரட்டை மாட்டு வண்டி ஒன்று இந்தப் படிகளின் வழியே மலையேறியதாக ஊரார் இன்றும் வியந்து சொல்வதைச் சொல்லுங்கள். நடக்கும்போது ஒவ்வொரு படியின் உயரத்தையும் பார்த்துவிட்டு அவனே அடுத்த கேள்வியைக் கேட்பான்.

இறங்கியபின் வெயில் தாழும்வரை ஓய்வெடுத்துக்கொண்டு, மாலையில் மேற்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குச் சென்று வாருங்கள். பதிற்றுப்பத்து "கொடுமணம்" என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் முதலிய கற்களை மணிகளாகக் கடைந்ததற்கும், இரும்பை உருக்கியதற்கும் உரிய சான்றுகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் இங்கே அகழாய்வில் கிடைத்தன. அகழ்ந்த குழிகளை மூடிவிட்டபடியால் கண்ணுக்குத் தெரிவது வயலும் கல்வட்டங்களும் நெடுங்கல்லும் மட்டுமே. அப்படி இருந்தும் போகச் சொல்வதற்குக் காரணம் அடுத்த கேள்வியின் பதிலில் வருகிறது.

கேள்வி: அறச்சலூர் நாகமலையில் பழைய கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு நண்பர்களுடன் உச்சிவரை ஏறினோம். எங்கும் தென்படவில்லை. வதந்தியா? (ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: வதந்தி இல்லை; நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். வெட்கப்பட வேண்டாம், முதல் முறை சென்றபோது நானும் தாண்டித்தான் போனேன். உச்சியில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தில் மூச்சுவாங்க ஏறி, மேலே நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தேநீர் குடிக்கும்போது கடைக்காரர்தான் "ஆண்டிப்பாறையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். கல்வெட்டு உச்சியில் இல்லை. ஆண்டிப்பாறை என்று ஊரார் சொல்லும் பாறை ஒதுக்கில், மனிதர் மழைக்கு ஒதுங்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. சமணத் துறவியரோ வேறு துறவியரோ தங்கிய இடங்கள் பெரும்பாலும் நீரும் ஊரும் எட்டும் தொலைவில்தான் அமைந்திருக்கும். உச்சியில் தங்கியவர் நாள்தோறும் பிச்சைக்கு இறங்கி ஏற முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்து வெளியுலகுக்குத் தெரிவித்தவர் ஈரோட்டைச் சேர்ந்த புலவர் செ. இராசு. எழுத்தோ, தமிழ் பிராமி வட்டெழுத்தாக உருமாறத் தொடங்கிய காலத்தது. அங்குள்ள பொறிப்புகளில் ஒன்று, வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகள் கொண்ட ஒரு கட்டம். முதல் வரி "த தை தா தை த" என்றும், இரண்டாம் வரி "தை தா தே தா தை" என்றும் தொடங்கி, நடு வரியைக் கண்ணாடியாகக் கொண்டு பின்னிரண்டு வரிகளும் முன்னிரண்டையே திருப்பிச் சொல்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும், தலைகீழாகப் படித்தாலும் ஒரே அடுக்குத்தான் வரும். ஆடற்குரிய சொற்கட்டு என்று அறிஞர்கள் கொள்ளும் இதைத் தமிழகத்தின் மிகப் பழைய இசைக் கல்வெட்டுகளில் ஒன்றாகப் போற்றுகிறார்கள். ஒரு தாளில் எழுதிக் கையால் தொடையில் தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். நான் சொல்வதைவிட நன்றாக விளங்கும்.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது அருகிலுள்ள இன்னொரு வரி. எழுத்துகளை இவ்வாறு புணர்த்தியவன் "மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்" என்று அது கூறுகிறது. வண்ணக்கன் என்பான் பொன்னும் நாணயமும் நோட்டம் பார்ப்பவன். மணிய வண்ணக்கன் என்றால் மணிக்கற்களின் தரம் பார்ப்பவன். மணி கடைந்த கொடுமணல் இங்கிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில்தான் உள்ளது. கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய ஒருவன், எழுத்தையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து அடுக்கியிருக்கிறான் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இது என் கற்பனைதான், கல்வெட்டில் இல்லை. ஆனால் இரண்டு இடங்களையும் ஒரே வாரத்தில் பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணம் தோன்றாமல் இராது.

அடுத்த முறை செல்லும்போது ஊரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சாய்வெயில் விழும் காலையில் எழுத்து பளிச்சென்று தெரியும். உச்சிவெயிலில் பாறை மொட்டையாக நிற்கும். தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவிவிடாதீர்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்தின் பள்ளம் நிழல் காட்டும்.

கேள்வி: சங்ககிரிக் கோட்டையை முழுதாகப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே மலைக்கு ஏன் இத்தனை மதில்கள்? (சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அரை நாள் ஒதுக்குங்கள். கோட்டை திறக்கும் நேரத்திலேயே உள்ளே நுழைந்துவிட்டால் வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடலாம். ஒரு சித்திரை மாதத்தில் பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கி, இரண்டு பாட்டில் தண்ணீரையும் மூன்றாவது வாயிலுக்குள் குடித்துத் தீர்த்துவிட்டு, மேலே பாசி படர்ந்த சுனைகளைப் பார்த்துக்கொண்டே நாக்கு வறள நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது இல்லாமல் ஏறாதீர்கள். வழியில் கடை கிடையாது.

மதில்களைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. சங்கின் வடிவம் கொண்டதால் சங்ககிரி என்று பெயர் பெற்ற இந்த மலையில் ஒரு பக்கமாக மட்டுமே ஏற முடியும். மற்றப் பக்கங்கள் செங்குத்தான பாறை. ஆகவே காக்க வேண்டியது ஒரு வழியைத்தான். அந்த ஒரே வழியை ஒன்றன்பின் ஒன்றாக மதிலும் வாயிலும் வைத்து மறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாயிலிலும் நின்று, அடுத்த வாயில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் நேரே தெரியாது. பாதை திரும்பும், மேலிருந்து கல் உருட்டத் தோதான ஒரு திட்டு இருக்கும். விசயநகர் காலத்தில் எழுந்த கோட்டை பின்னர் மைசூராரின் கையில் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப்பின் ஆங்கிலக் கும்பினியாரிடம் சென்றது. வாயிலுக்கு வாயில் கட்டுமானம் மாறுவதைக் கண் பழகினால் நீங்களே பிரித்தறியலாம். மேலே சென்னகேசவப் பெருமாள் கோயிலும், தானியக் களஞ்சியங்களும், இசுலாமியர் வழிபாட்டு இடங்களும் இருக்கின்றன.

கும்பினியார் இந்த மலையைக் கொங்கு நாட்டு வரிப்பணத்தைச் சேர்த்து வைக்கும் இடமாகவும் பயன்படுத்தினர். தீரன் சின்னமலையை, அவர் தம்பியருடன், 1805ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தூக்கிலிட்டதும் இங்கேதான். மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை வழிமறித்து வாங்கிக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று போய்ச் சொல்" என்று அவர் அனுப்பியதாக வழங்கும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரியைப் பறித்துப் பெயர் பெற்றவருக்கு வரிப்பணம் காத்த மலையிலேயே முடிவு நேர்ந்தது என்பதைக் களஞ்சியத்தருகே நின்று நினைத்தால் நெஞ்சு கனக்கும். ஆடிப் பெருக்கன்று அவர் நினைவு நாளுக்குக் கூட்டம் பெருகும். அஞ்சலி செலுத்த விரும்புவோர் அன்று செல்லலாம். கோட்டையைப் பார்க்க விரும்புவோர் வேறு நாளில் செல்வதே நல்லது. ஐப்பசி மழைக்குப் பிறகு, கார்த்திகை தொடங்கி மாசி முற்பாதி வரை ஏற்ற பருவம்.

கேள்வி: திருச்செங்கோட்டு மலைக்குக் காரிலேயே போய்விடலாமே, படியேறுவதில் என்ன சிறப்பு? (ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: காரில் சென்றால் அர்த்தநாரீசுவரரைக் காணலாம், நாகத்தைக் காண முடியாது. 1,206 படிகள் கொண்ட பாதையில் நாகர் பள்ளம் என்னுமிடத்தில் பாறையிலேயே அறுபதடி நீளத்தில் ஐந்தலை நாகம் படுத்திருக்கிறது. மக்கள் தூவிய மஞ்சளும் குங்குமமும் அதன் உடலெங்கும் ஊறியிருக்கும். அதற்கும் மேலே அறுபதாம்படி என்று பெயர் பெற்ற இடம் வருகிறது. வழக்குத் தீராதபோது இரு தரப்பாரும் வந்து நின்று சத்தியம் செய்த படி அது. முன்னாளில் பல ஊர்ப் பஞ்சாயத்துகளின் கடைசித் தீர்ப்பு அந்தப் படியில்தான் முடிந்தது. சம்பந்தர் இத்தலத்துக்கு வந்தபோது அடியார்களை வருத்திய குளிர்சுரம் நீங்கப் பாடியது திருநீலகண்டப் பதிகம். மார்கழிப் பனியில், காது மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களில் அதை முணுமுணுப்பவர்களை இன்றும் பார்க்கலாம். இவ்வளவையும் ஐந்து நிமிடக் கார்ப் பயணத்துக்கு விட்டுக்கொடுப்பது தங்கள் விருப்பம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் உடன் வேலை செய்யும் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, ஷிப்ட் முடித்த இரவே வெள்ளியங்கிரி ஏறலாம் என்று இருக்கிறோம். யாரும் முன்பு ஏறியதில்லை. ஆலோசனை கூறுங்கள். (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதல் ஆலோசனை, ஷிப்ட் முடித்த இரவில் ஏறாதீர்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த உடம்பு, தூக்கமும் இல்லாமல் ஏழு மலை ஏறுவது பக்தியும் ஆகாது, வீரமும் ஆகாது. இம்மலையில் மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் பக்தர்கள் இறந்த செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. இறந்தவர்களில் இளைஞர்களும் உண்டு. இதயநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது என்பதை வனத்துறையும் அடிவாரத்தில் எச்சரிக்கிறது. முதல் நாள் விடுப்பெடுத்து நன்றாகத் தூங்கி, இரு வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் மாடிப்படி ஏறிப் பழகிவிட்டு வாருங்கள்.

வனத்துறை பொதுவாக பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை அனுமதிக்கிறது. பூண்டி அடிவாரத்திலிருந்து ஒரு வழியே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த எண் ஏமாற்றும். முதல் மலையின் படிகளே மிகச் செங்குத்தானவை. அங்கேயே நெஞ்சு படபடத்தால் அது மலை கொடுக்கும் முதல் எச்சரிக்கை என்று கொண்டு திரும்பிவிடுவதில் குறைவொன்றும் இல்லை. வெள்ளை விநாயகர், வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை, ஆண்டி சுனை என்று வழியெங்கும் பெயர்கள் வருகின்றன. பெயர் உள்ள இடத்திலெல்லாம் உட்கார்ந்து எழுந்தாலே போதிய ஓய்வு கிடைத்துவிடும். முன்னோர் அதற்காகவே பெயர் வைத்தார்களோ என்றுகூட எனக்குத் தோன்றும். ஆண்டி சுனையின் நீர் எலும்பைத் தொடும் குளிர். வேர்த்த உடம்போடு சட்டென்று இறங்கிக் குளிக்க வேண்டாம். உச்சியில் காற்று பலமாக இருக்கும். கம்பளியோ தடித்த சட்டையோ பையில் இருக்கட்டும். விடியலில் சுயம்பு லிங்கத்தின்மேல் கவிந்து நிற்கும் பாறைகளுக்கிடையே வெளிச்சம் புகுவதைப் பார்த்தவர்கள், அதுவரை பட்ட குளிரைப் பற்றிப் பேசுவதில்லை.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை அலட்சியம் செய்யாதீர்கள். ஏறும்போது அது சுமை. இறங்கும்போதுதான் மூன்றாவது கால். முழங்கால் வீங்குவதும் கால் பிசகுவதும் பெரும்பாலும் இறக்கத்திலேதான். ஆறு பேரும் சேர்ந்தே ஏறுங்கள், மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பிளாஸ்டிக் பொருள்களை அடிவாரச் சோதனையில் பார்ப்பார்கள். கொண்டு போன பாட்டிலைக் கட்டாயம் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் மேகம் தவழும் ஓர் உச்சியை ரீல்ஸில் பார்த்தேன். அனுமதியெல்லாம் எதற்கு, ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துப் போய்விடலாம் என்கிறான் நண்பன். (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம். சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். உள்ளே அனுமதியின்றி நுழைவது வனச்சட்டப்படி குற்றம். அழைத்துச் சென்ற ஊர்க்காரரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார், அபராதத்தைக் கட்டிவிட்டு நீங்கள் கோவைக்குத் திரும்பிவிடுவீர்கள், அவரோ அந்தக் காட்டோரத்திலேயே பிழைப்பு நடத்த வேண்டியவர். யானை நடமாடும் இடத்தில் ரீல்ஸ் எடுத்தவர் அதற்குப்பின் எப்படித் திரும்பினார் என்பது காணொளியில் இராது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று மலையில் இருந்தவர்களில் நம் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்ற குழுவும் ஒன்று. அதற்குப் பிறகே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளை வகுத்தது. இப்போது முறையாகச் செல்ல வழியும் இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் உள்ளன. கோவை, திருப்பூர், சேலம் மாவட்டக் காடுகளும் அவற்றில் அடங்கும். இணையத்தில் முன்பதிவு செய்தால், காட்டையே வீடாகக் கொண்ட பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். கட்டணம் அதிகம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் ஓரளவு அப்படித்தான் படுகிறது. ஆனால் காட்டுச் செடியின் பெயரையும் பயனையும் சொல்லத் தெரிந்த ஒருவரோடு நடப்பதற்கு அந்தப் பணம் தகும். கோடைத் தீக்காலத்தில் வழித்தடங்களை மூடிவிடுவார்கள். அப்போது குறுக்கு வழி தேட வேண்டாம்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்குக் கொங்கு நாட்டுச் சமணத் தடங்களைக் காட்ட விரும்புகிறேன். நடக்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும். எங்கே அழைத்துச் செல்லலாம்? (உடுமலையிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டியை ஒட்டியுள்ள ஐவர்மலைக்கு அழைத்துச் செல்லுங்கள், அம்மா. அது திண்டுக்கல் மாவட்டம் ஆயிற்றே என்று யாரேனும் கேட்டால், கொங்கின் எல்லையைக் கூறும் பழைய வெண்பாவைச் சொல்லுங்கள். வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூர், மேற்கே வெள்ளிக்குன்று, கிழக்கே குளித்தலை என்று அது வரையறுக்கிறது. வைகாவூர் என்பது பழனி. வெள்ளிக்குன்று என்பது மேலே சொன்ன வெள்ளியங்கிரி. மாவட்டக் கோடுகள் நேற்றுப் போட்டவை.

ஐவர்மலை ஏற்றம் சிறுவர்களுக்குக் கடினமானதன்று. இங்கேயும் பார்க்க வேண்டியது உச்சிக்குக் கீழேயே இருக்கிறது. நீண்ட பாறை முகட்டின் அடியில் இயற்கையாக அமைந்த குகைத்தளமும், அதன் நெற்றியில் வரிசையாகச் செதுக்கிய பதினாறு தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792ஐயும் ஒருங்கே குறிக்கும் கல்வெட்டு இங்கு இருக்கிறது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டிப் பொது ஆண்டைக் காணும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். 870 என்று வரும். அதிலிருந்து ஏழையோ எட்டையோ கழித்தால் வரகுணன் அரியணை ஏறியது 862ஐ ஒட்டி என்பது கிடைக்கும். பாண்டியர் கால வரிசையை வரலாற்று அறிஞர்கள் நிலைநிறுத்த உதவிய கணக்கு இதுதான். ஒரு மலைப்பாறையின் முன் நின்று மன்னனின் ஆண்டைத் தாமே கண்டுபிடித்த பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், பழைய பார்சுவநாதர், இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்து, அவிப்படிக்கும் (தெய்வத்துக்குப் படைக்கும் உணவுக்கும்) துறவியான அடிகளொருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அக்கல்வெட்டுச் செய்தி. சமணர் பெயர் மறைந்தபின் பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்று கதை ஏறி, திரௌபதி வழிபாடும் முருகன் வழிபாடும் வந்து சேர்ந்தன. ஒரு தெய்வத்தைக் காட்டும்போது மற்றதைக் குறைத்துச் சொல்லாதீர்கள்; மூன்றும் இந்த மலையின் வரலாறுதான்.

இன்னொரு நாள் கிடைத்தால், தரையிலேயே நிற்கும் விசயமங்கலம் சமணக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். பெருங்கதை பாடிய கொங்குவேளிரோடு இணைத்துப் பேசப்படும் ஊர் அது.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு ஒரு மலைக்குச் சென்றபோது, பழைய பாறை ஒன்றில் என் பெயரைச் சுண்ணாம்பால் எழுதினேன். அண்மையில் மகளோடு போனபோது அது இன்னும் இருந்தது. அவள் படித்துவிட்டாள். அதை அழிக்க என்ன செய்யலாம்? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். தயவுசெய்து நீங்களே தேய்த்தோ கழுவியோ அழிக்க முயல வேண்டாம். கோவை, பாலக்காட்டுச் சாலைக்கு அப்பால் குமிட்டிபதியில், பதிமலைக் குகையில் வெண்ணிறத்தில் யானை முதலிய உருவங்களைத் தீட்டிய தொல்பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. அங்கேயும் வந்தவர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் நல்லெண்ணத்தோடு ஒருவர் தேய்க்கத் தொடங்கினால், கிறுக்கலோடு கீழிருக்கும் பழைய வண்ணமும் போய்விடும். தொல்லியல் துறையின் வட்டார அலுவலகத்துக்கு இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், நிழற்படமும் இணையுங்கள். வேதிமுறையில் நீக்கத் தெரிந்தவர்கள் அவர்களிடமே இருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க மத்தியச் சட்டம் இடந்தருகிறது என்பதை மற்ற வாசகர்கள் அறிந்திருக்கட்டும். மகளிடம், எழுதியது நான்தான் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கடிதத்தில் இருக்கிறது. அவள் இனி எந்தப் பாறையிலும் எழுதமாட்டாள்.

கேள்வி: பாம்பு, தேனீ, குரங்கு, சிறுத்தை. எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும்? (காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வெயிலுக்கு. அடுத்தபடியாகத் தேனீக்கு. பாறை விளிம்புகளில் மலைத்தேனீ அடை தொங்கினால், அதனடியில் புகை, கற்பூரம், உரத்த கூச்சல், கல்லெறிதல் எதுவும் கூடாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள், நின்று விரட்டாதீர்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் தீங்கே செய்யும். கடிபட்டவரை அசையாமல் தூக்கிக்கொண்டு இறங்கி, 108க்கு அழைத்து, நச்சுமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் காட்டாமல் இருந்தால் போதும். உங்கள் ஊருக்கு அருகே, கொங்கணச் சித்தர் பொன் ஊதியதாகக் கதை வழங்கும் ஊதியூர் மலைக்காட்டில் 2023இல் சிறுத்தை நடமாடி ஆடுகளைக் கொன்றது நினைவிருக்கும். அங்கே செல்வோர் விடிந்தபின் ஏறி, பொழுது சாயுமுன் இறங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்து நான்கு வயது. இளமையில் பல மலைகள் ஏறியவள். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏறாமல் ஏறிய நிறைவு தரும் இடம் ஏதும் உண்டா? (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பச்சைமலைக்கும் பவளமலைக்கும் மேலே வரை வண்டி செல்லும். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் திறந்து, நடவு முடிந்து நாற்பது, ஐம்பது நாள் ஆன நெல் வயல் பச்சையாகக் காற்றில் அலையும் சமயமாகப் பார்த்துச் செல்லுங்கள். மாலை நான்கரைக்குப் போனால் சன்னதி திறந்திருக்கும், சுவரோரம் நிழலும் விழுந்திருக்கும். உட்காருவதற்கு ஒரு துண்டும் குடிக்க மோரும் எடுத்துக்கொண்டு, நீங்கள் ஏறிய மலைகள் எந்தெந்தத் திசையில் கிடக்கின்றன என்று பேரப்பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டுங்கள். அவற்றில் எந்த மலையில் எந்த இடத்தில் நின்று தண்ணீர் குடித்தீர்கள் என்பதை எங்களுக்கும் ஒரு கடிதமாக எழுதுங்கள். வரும் இதழில் இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறோம்.